சுண்ணாம்பு தடவாத கலயம்

2020 ஊரடங்கு மாதங்களில் இணையத்தில் எங்கு திரும்பினாலும் ஒரு கண்ணாடி ஜாடி. உள்ளே கூழ் மாதிரி மாவு, மேலே குமிழிகள், எவ்வளவு பொங்கியது என்று பார்க்க ஜாடியின் இடுப்பில் ஒரு ரப்பர் பேண்ட். பல நாடுகளில் கடைகளில் ஈஸ்ட் தீர்ந்துபோக, வீட்டில் ரொட்டி சுடக் கிளம்பியவர்கள் பிடித்துக்கொண்ட பழைய வழி அது. கோதுமை மாவையும் தண்ணீரையும் கலந்து வைப்பது; தினமும் பாதியை எடுத்துவிட்டுப் புது மாவும் தண்ணீரும் சேர்ப்பது. ஒரு வாரம், பத்து நாளில் மாவோடு வந்த காட்டு ஈஸ்ட்டும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் பெருகி ஒரு நிலைக்கு வந்துவிடும். அதுதான் ஸ்டார்ட்டர். அதில் கொஞ்சம் எடுத்து மாவில் பிசைந்து, நிதானமாகப் புளிக்கவிட்டுச் சுட்டால் சவர்டோ ரொட்டி. மீதியை மறுபடி ஊட்டி வைக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் செத்துப்போகும்.

அப்படி ஒரு ஜாடி ஆறுமுகநேரியில் எங்கள் வீட்டு அடுப்படியிலும் இருக்கிறது. ஆச்சிக்கு அதைப் பார்த்தாலே சிரிப்புதான். "ஏட்டி, மாவுக்குச் சோறு வச்சியா?" என்பாள். ஒருநாள் ஜாடியை மூக்குக்கிட்ட கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இத எங்க காலத்துல யாரும் வீட்டுல வச்சு வளக்கல. காலையில பனையில இருந்து எறங்கி வந்துரும்."

கள்ளைச் சொன்னாள். தாத்தா பனையேறி. எண்பதுகளில் கள்ளுக்கடை திறந்திருந்த அஞ்சாறு வருசம், ஆப்ப மாவுக்கென்று ஒரு டம்ளர் தனியாக எடுத்து வைத்தது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு போனதில் வந்ததுதான் இந்தக் கட்டுரை.

பாலில் ஊற்றும் மோருக்குத் தமிழில் பிரை என்று ஒரு சொல் உண்டு. எங்கள் பக்கத்து வாயில் அது பெரை. நேற்றையதில் ஒரு கரண்டியை இன்றையதில் சேர்ப்பது. தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்வது. ஸ்டார்ட்டரும் இதே சங்கதிதான். ஆனால் மாவுக்குப் பிரை வைத்துக் காப்பாற்றும் பழக்கம் நமக்கு வரவில்லை. இட்லி மாவுக்கு அது தேவைப்படவே இல்லை. உளுந்தோடு வரும் லியூகோநாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்களே ஓர் இரவில் வேலையை முடித்துவிடும். உளுந்தில்லாத பச்சரிசி ஆப்பத்துக்குத்தான் வெளியிலிருந்து ஒரு கை வேண்டும். கோதுமை ரொட்டிக்கும் வேண்டும்.

அந்தக் கை மதுவிலிருந்து வருவது நம்மூர் வினோதம் ஒன்றும் இல்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியரான பிளினி, கால், ஐபீரியப் பகுதி மக்கள் தானிய மதுவின் நுரையை மாவில் சேர்க்கிறார்கள், அதனால் அவர்கள் ரொட்டி மற்றவர்களுடையதைவிட லேசாக இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறார். இங்கிலாந்திலும் பல நூற்றாண்டுகள் பீர் காய்ச்சும் தொட்டியின் நுரைதான் ரொட்டிக்கடைக்குப் போயிற்று. பிரான்ஸில் இதற்கு ஒரு வழக்கே நடந்தது. பீர் நுரை போட்ட ரொட்டி உடம்புக்குக் கெடுதி என்று 1668-இல் பாரிஸ் மருத்துவப் புலத்தார் தீர்ப்புச் சொன்னார்கள். ஜனங்கள் அந்த மெத்தென்ற ரொட்டியை விடத் தயாராக இல்லை. 1670-இல் நீதிமன்றம், நுரை புதிதாக இருக்க வேண்டும், உள்ளூரிலேயே வாங்கியதாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டு அனுமதித்தது. எனக்கு இந்த வழக்கு ரொம்பப் பிடிக்கும். மதுவை வேறாகவும் மதுவின் நுரையை வேறாகவும் பிரித்துப் பார்க்க ஒரு நீதிமன்றத்துக்குத் தோன்றியிருக்கிறது. இங்கே அப்படி யாருக்கும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

*

ஆறுமுகநேரியைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிடலாம். ஒரு பக்கம் உப்பளம். கொஞ்ச தூரத்தில் காயல்பட்டினம். வடகிழக்கே தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் புன்னைக்காயல். திருச்செந்தூரைத் தாண்டிப் போனால் மணப்பாடு. முத்துக்குளித்துறை என்று போர்த்துக்கீசியர் அழைத்த கரை இதுதான். 1530களில் பரதவர்கள் கூட்டம் கூட்டமாகக் கத்தோலிக்கம் தழுவினார்கள். 1542-இல் பிரான்சிஸ் சேவியர் வந்தார். 1658-இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது. 1825-இல் ஆங்கிலேயர் கைக்கு.

கோதுமை விளையாத கரை இது. நெல்லும் பனையும்தான். ஆனால் வந்தவர்களுக்கு ரொட்டி இல்லாமல் முடியாது. அவர்கள் விட்டுப்போன சொற்களில் அது தெரிகிறது. ஜன்னல், அலமாரி, சாவி, மேசை, பாதிரி என்ற வழக்கமான பட்டியல் எல்லாருக்கும் தெரியும். பிஸ்கோத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இன்னும் அதிகம் மிஞ்சியிருக்கிறது. ரொட்டிக்கு ஈழத்தமிழில் பாண். அதைச் சுடும் அடுப்புக்குப் போறணை. இரண்டுமே போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தவை. 'ஃபோர்னோ' என்றால் அடுப்பு. கோவாவின் கொங்கணியில் ரொட்டி சுடுகிறவர் பொதேர். நம் பக்கத்தில் பாண் என்ற சொல் நிலைக்கவில்லை, ரொட்டி என்றே நின்றுவிட்டது. விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தவர்களோ அப்பம் என்று வைத்தார்கள். யோசித்துப் பார்த்தால் பொருத்தமான முடிவு: அவர்கள் கண்ணெதிரே, புளிக்கவைத்துச் சுட்ட பண்டம் என்று இருந்தது ஆப்பம்தானே.

கோவா ரொட்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு கதை சொல்வார்கள். பூசைக்கு அப்பம் வேண்டியிருந்தது, ஈஸ்ட் கிடைக்கவில்லை, அதனால் பாதிரிமார்கள் கள்ளை ஊற்றிப் பிசையக் கண்டுபிடித்தார்கள் என்று. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நிற்காது. லத்தீன் வழிபாட்டு முறையில் பூசைக்குப் பயன்படுவது புளிப்பில்லா அப்பம். புளித்ததா புளிக்காததா என்பதே 1054-இல் ரோமும் கான்ஸ்டாண்டிநோபிளும் பிரிந்த சண்டையில் ஒரு பெரிய விவகாரம். பாதிரியாருக்குப் பீடத்தில் கள் தேவையில்லை, சாப்பாட்டு மேசையில்தான் தேவை. கள் ஊற்றிய ரொட்டி வயிற்றுக்காக வந்தது. தெற்குக் கோவாவின் மஜோர்டா கிராமத்தில் ஏசு சபையினர் முதலில் ரொட்டி சுடக் கற்றுக்கொடுத்தார்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். தென்னங்கள்ளை 'சுர்' என்பார்கள். முந்தின நாள் இறக்கிய சுர் மாவில் போகும். இரவு முழுக்கப் புளிக்கும். விடியுமுன் மண் அடுப்பில் வேகும். அதே கள் இன்னும் ரெண்டு வாரம் இருந்தால் காடி. விண்டாலுவுக்குப் போகிற காடி அதுதான்.

நமக்கு நெருங்கிய சாட்சி பனைக்கே உண்டு. ஹீபர் ட்ரூரி என்ற ராணுவ அதிகாரி 1858-இல் இந்தியாவின் பயன்படும் தாவரங்கள் பற்றி ஒரு தொகுப்பு நூல் வெளியிட்டார். அதில் பனையைப் பற்றிய பகுதியில், கள் ரொட்டிக்கு ஈஸ்ட்டாகப் பெருமளவு பயன்படுகிறது, இலங்கை முழுவதும் ரொட்டி சுடுகிறவர்கள் வேறு எதையும் பயன்படுத்துவதில்லை என்ற குறிப்பு இருக்கிறது. பொதி ஈஸ்ட் அமெரிக்காவில் ஃப்ளைஷ்மன் சகோதரர்கள் கையால் விற்பனைக்கு வந்தது 1868-இல். அதற்குப் பத்து வருடம் முன்னால், மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், ஒரு தீவே பனையும் தென்னையும் கொடுத்த புளிப்பில் ரொட்டி தின்றுகொண்டிருந்தது.

*

ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்த இடம் சுவாரசியமாக இருக்கும். கள்ளில் பிரை எங்கே இருக்கிறது?

பனையின் பாளையைக் கடிப்பு என்ற மரக் கருவியால் இதமாக நசுக்கிப் பக்குவப்படுத்தி, நுனியைப் பாளை அரிவாளால் மெல்லச் சீவிவிட்டு, கீழே மண் கலயத்தைக் கட்டுகிறார்கள். சொட்டுச் சொட்டாக விழும் சாறு பிறக்கும்போது வெறும் இனிப்பு. நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை. ஆனால் விழுகிற இடம் சுத்தமானதல்ல. பாளையின் வெட்டுமுகத்தில், சுற்றிப் பறக்கும் ஈயிலும் தேனீயிலும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கலயத்தின் உள்சுவரில் ஈஸ்ட் இருக்கிறது. மண் பாத்திரத்துக்கு நுண்துளைகள் அதிகம். தண்ணீர் விட்டு அலசினாலும் நேற்றைய கள்ளின் உயிர் அந்தத் துளைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். சாறு விழ விழ வேலை தொடங்கிவிடும். மாலையில் கட்டிய கலயம் விடியும்போது நுரைத்திருக்கும். லாக்டிக் பாக்டீரியாக்களும் கூடவே சேர்ந்துகொண்டு புளிப்பைத் தருகின்றன. மதியம் ஆக ஆகக் கடுக்கும். மறுநாள் காடி வாசம் அடிக்கும்.

ஆக, பிரை கலயத்தில் இருந்தது. கலயம் பனையில் இருந்தது. வீட்டில் யாரும் எதையும் ஊட்டி வளர்க்க வேண்டியதில்லை, ஏனென்றால் ஒரு மனுசன் ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் நாற்பது ஐம்பது மரம் ஏறி இறங்கி அதை வளர்த்துக்கொண்டிருந்தான். சவர்டோ புத்தகங்கள் "தினமும் கவனிப்பு தேவை" என்று எழுதுகின்றன. நெஞ்சிலும் முழங்காலிலும் காய்ப்பு விழுந்த கவனிப்பு இது. தவறி விழுந்தால் உயிர் போகும் கவனிப்பு. இதைச் சொல்லாமல் கள்ளாப்பத்தின் மணத்தைப் பற்றி மட்டும் உருகி எழுதுகிறவர்களை எனக்கு ஆகாது.

இதே பனை, இதே கலயம், இதே ஆள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பைத் தடவிவிட்டால் எல்லாம் மாறிவிடும். சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தலையெடுக்க முடியாது. சாறு இனிப்பாகவே இறங்கும். அது பதநீர். பட்டையில் ஊற்றிக் குடிக்கலாம், விடிலியில் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கலாம். உடன்குடி கருப்பட்டியின் பேர் அப்படி வந்ததுதான். கள்ளுக்கும் கருப்பட்டிக்கும் நடுவில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு.

*

இந்தக் கரையில் பனை மதுவுக்கு எதிரான முதல் கட்டளைகளில் ஒன்று புன்னைக்காயல் பக்கமிருந்துதான் வந்தது என்பது பலருக்குத் தெரியாது. சேவியர் 1544-இல் தன் உதவியாளர் மன்சிலாஸுக்கு எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் அராக்குக் குடிக்கும் பெண்களுக்கு அபராதமும் சிறையும் விதிக்க ஓர் ஆளை ஏற்பாடு செய்கிறார். ஆண்கள் குடித்ததைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை போலிருக்கிறது. சரி.

நவீன மதுவிலக்கு 1937-இல் ராஜாஜி காலத்தில் சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. 1948-க்குள் சென்னை மாகாணம் முழுக்கப் பரவியது. 1971-இல் தளர்ந்து, சில வருடங்களில் திரும்ப வந்து, 1981-இல் மறுபடி கடைகள் திறந்து, 1987 தொடக்கத்தில் கள்ளும் சாராயமும் மூடப்பட்டன. கள்ளுக்கு அந்தத் தடை இன்றுவரை நிற்கிறது. 1983-இல் உருவான டாஸ்மாக் 2003-இலிருந்து சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகிறது. அதாவது ஆலையில் வடித்த பிராந்தி கடையில் கிடைக்கும், மரத்தில் தானே நுரைத்த கள் குற்றம். சுண்ணாம்பு தடவினால் தொழில், தடவாவிட்டால் வழக்கு.

குடியால் வீடுகள் நாசமானது பொய் என்று நான் சொல்லவில்லை. மதுவிலக்குக்குக் கையெழுத்துப் போட்டவர்களைவிட அதை வேண்டி நின்ற பெண்களின் கணக்கு பெரிது. ஆச்சியே கள்ளுக்கடை மறுபடி வரக் கூடாது என்பாள். "ஆப்பத்துக்கு ஒரு டம்ளருன்னு ஆரம்பிச்சா ஆம்பள அதோட நிப்பானா?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் சொல்ல வருவது வேறு. பாரிஸ் நீதிமன்றம் 1670-இல் பார்த்த வித்தியாசத்தை நம் சட்டம் பார்க்கவில்லை. குடிக்கிற கள்ளை மூடியபோது மாவுக்குப் போகிற கள்ளும் சேர்ந்து மூடியது. ஒரு சமையல் அறிவு யார் கண்ணிலும் படாமல், யாரும் விவாதிக்காமல், ஒரு பக்க விளைவாகப் போயிற்று. கள்ளை இறக்கியவன் சாதியும் கள்ளை ஊற்றி ஆப்பம் சுட்ட அடுப்படியும் சட்டம் எழுதுகிற மேசைக்குத் தூரமாக இருந்தன என்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அந்த இடத்துக்கு என்ன வந்தது? தேங்காய்த் தண்ணியில் சர்க்கரை போட்டு ராத்திரி வைப்பது ஒரு வழி. நல்ல வழிதான், கொஞ்சம் மெதுவானது. பெரும்பாலான வீடுகளில் வந்தது ஆப்ப சோடா. சோடா மாவைப் புளிக்க வைக்காது, வாயுவை மட்டும் தரும். பொங்கல் உண்டு, வாசம் கிடையாது. (1950களின் கடைசியிலிருந்து எங்கள் ஊர்ப் பக்கம் சாகுபுரத்தில் சோடா ஆலை இருக்கிறது என்று வெளியூர் நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். அது காஸ்டிக் சோடா. ஆப்பத்தில் போட்டால் ஆள் காலி.)

ரொட்டியின் கதை இன்னும் வேகமாக முடிந்தது. 1956-இல் தொடங்கி அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. 1965-இல் அரசே மாடர்ன் பேக்கரீஸ் என்று தொடங்கி, மெழுகுத்தாளில் சுற்றிய வெள்ளை ரொட்டித் துண்டுகளை நகரங்களுக்குக் கொடுத்தது. எல்லாம் பொதி ஈஸ்ட். தூத்துக்குடி மைதாவைப் பரோட்டாவுக்கு எடுத்துக்கொண்டது, முந்திரியையும் முட்டை வெள்ளைக்கருவையும் சேர்த்து மக்ரூன் செய்தது. ஊரின் பேர் சொல்லும் இரண்டு பண்டத்திலும் புளிப்பு கிடையாது.

சட்டத்தின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நகர முடியாது. கோவாவில் கள் தடை இல்லை. ஆனாலும் அங்கே பெரும்பாலான பொதேர்கள் இன்று ஈஸ்ட் பொட்டலம்தான் பிரிக்கிறார்கள். மரம் ஏற ஆள் இல்லை. ஏறுகிறவர் பிள்ளைகள் கப்பல் வேலைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். கிடைக்கிற கொஞ்சம் சுர் குடிக்கிறவருக்கும் காடிக்கும் போகிறது. களியக்காவிளை தாண்டினால் கேரளத்தில் கள்ளுஷாப்பு உண்டு, அங்கே கள்ளாப்பமும் உண்டு. பக்கத்து வீட்டு அடுப்படியில் ஈஸ்ட்தான். யாழ்ப்பாணத்து அப்பத்தில் பனங்கள் இன்னும் மிஞ்சியிருக்கிறது. தடை இல்லாவிட்டால் இங்கேயும் அது தேய்ந்துதான் போயிருக்கும். ஆனால் தேய்வது வேறு. தேய்கிற இடத்தில் நாலு பேராவது மிஞ்சுவார்கள், கேட்டுக் கற்றுக்கொள்ளலாம். இங்கே கேட்க ஆள் இருக்கிறார், செய்துகாட்டத்தான் முடியாது.

*

என் ஜாடிக்கு வருகிறேன். சவர்டோ புத்தகங்கள் எல்லாம் குளிர் நாட்டு அடுப்படிக்கு எழுதியவை. 21, 24 டிகிரி என்பார்கள். சித்திரையில் இங்கே வீட்டுக்குள்ளேயே 34. காலையில் ஊட்டினால் பதினொரு மணிக்கு உச்சிக்குப் போய், ரெண்டு மணிக்குப் படுத்துவிடும். புளிப்பு மூக்கைத் துளைக்கும். அதனால் பழைய மாவு ஒரு பங்குக்குப் புது மாவு ஐந்து, தண்ணீர் ஐந்து என்று வைத்துக்கொள்கிறேன். பிசைகிற மாவு அரைக் கிலோவுக்கு உப்பு பத்து கிராம். நம்மூர் அளத்து உப்பு. ஸ்டார்ட்டரிலேயே ஒரு சிட்டிகை போட்டால் வேகம் அடங்கும். ராத்திரிக்கு ஃப்ரிட்ஜ். வெயில் ஊரில் ஒரு ஜாடியை உயிரோடு வைத்திருப்பது எவ்வளவு மெனக்கெடல் என்று பார்த்த பிறகு, இந்தக் கரையில் ஏன் யாரும் மாவைச் சேமித்து வைக்காமல் மரத்தையே நம்பினார்கள் என்று எனக்குப் புரிந்தது. தினமும் புதிதாகப் பிறக்கிற பிரை இருக்கும்போது பழையதைக் கட்டிக்காப்பது வேண்டாத வேலை.

ஊர்ப் பெருமை பேசுகிறவர்களுக்கு ஒரு தகவல். சான் பிரான்சிஸ்கோ ரொட்டியில் 1971-இல் ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்து அந்த ஊர் பேரையே வைத்தார்கள். பிறகு பார்த்தால் அது ஐரோப்பா முழுக்க இருக்கிறது. 2021-இல் ஈலைஃப் ஆய்விதழில் நான்கு கண்டங்களிலிருந்து வந்த 500 ஸ்டார்ட்டர்களை ஆராய்ந்த கட்டுரை வந்தது. எந்த ஊர் என்பதற்கும் ஜாடிக்குள் எந்தக் கிருமி என்பதற்கும் பெரிதாகச் சம்பந்தம் இல்லை என்று முடிவு. முத்துக்குளித்துறையின் தனி ருசி என்று என் ஜாடிக்கு விளம்பரம் போட முடியாது. பெல்ஜியத்தில் சாங்க்ட் வித் என்ற ஊரில் 2013 முதல் ஸ்டார்ட்டர்களுக்கு ஒரு நூலகமே நடக்கிறது; நூற்றுக்கு மேல் ஜாடிகள், குளிர் அலமாரியில் வரிசையாக, எண் போட்டு. அங்கே ஒரு பனங்கலயத்தை எப்படி வைப்பார்கள் என்று யோசித்திருக்கிறேன். கலயத்தை மட்டும் வைத்தால் ஒரு வாரத்தில் காய்ந்து வெறும் மண்ணாகிவிடும். மரமும் ஏறுகிறவரும் கூட வேண்டும்.

மாசி தொடங்கி ஆடி வரைக்கும் எங்கள் பக்கம் பதநீர் காலம். திருச்செந்தூர் சாலையோரம் காலையில் குடத்தோடு நிற்பார்கள். இப்போது பல இடங்களில் மண் கலயத்துக்குப் பதில் பிளாஸ்டிக் வந்துவிட்டது. சுண்ணாம்பு மட்டும் மாறவில்லை. அது அளவு தப்பாமல் இருக்க வேண்டும். கூடினால் நாக்கு பொத்துப்போகும். குறைந்தால் பதநீர் மதியத்துக்குள் கலங்கி நுரைத்துவிடும். சர்க்கரை உடைந்துபோன அந்தச் சாற்றை விடிலியில் எவ்வளவு காய்ச்சினாலும் கருப்பட்டி இறுகாது. விற்கவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது. பனை மூட்டிலேயே கொட்டிவிடுவார்கள்.